என் மனைவியின் ஆங்கில வகுப்பு

என் மனைவியிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அவளுடைய ஆங்கில ஆசிரியர் கணினித் திரையில் இருந்தபடி அவளைப் பாராட்டி, அடுத்த நிலை வகுப்புக்கு வரச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அதைத் தமிழில் சொல்லும்போது, இத்தோடு போதும் என்று அவர் சொல்வதாக மாற்றிச் சொன்னேன். அவள் நம்பினாள். பொறாமையால்தான் அப்படிச் செய்தேன். வேறு காரணம் ஏதாவது இருக்குமா என்று பிறகு தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

மலேசியாவில், ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் கிராணியாக இருந்தவன். கிராணி என்றால் ஆபீஸ் குமாஸ்தா என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. உண்மையில் கணக்கு எழுதுவது அந்த வேலையில் பாதிதான். துரைக்குத் தமிழ் தெரியாது, தொழிலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. இருவருக்கும் நடுவில் நான் நிற்பேன். தொழிலாளி ஆபீஸ் வாசலுக்கு வெளியே தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். துரை மேசைக்குப் பின்னால் இருப்பார். இவர் சொல்வதை அவருக்கும், அவர் சொல்வதை இவருக்கும் நான் சொல்வேன். கிராணியின் வாயிலிருந்து எது வருகிறதோ அதுதான் துரையின் பேச்சு. அதைச் சரிபார்க்க அங்கே ஆளில்லை. சரிபார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

அந்த ஆங்கிலம் எனக்குச் சும்மா வரவில்லை. நானும் பால்மரம் வெட்டியவரின், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவரின் மகன்தான். மலாக்கா நகரத்தில் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கு, விடியுமுன் பஸ் பிடித்துப் போய்ப் படித்தேன். என் சட்டையில் ரப்பர்ப் பால் நாற்றம் வருகிறது என்று நகரத்துப் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருமுறை ஆங்கிலக் கட்டுரையில் நான் முதலாவதாக வந்தேன். அதன்பிறகு மூக்கைப் பிடித்தவர்களே என்னிடம் வீட்டுப்பாடம் பார்த்து எழுத வந்தார்கள். அன்றிலிருந்து ஆங்கிலத்தை நான் ஒரு மொழியாக நினைத்ததில்லை. எனக்குப் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் மாதிரி நினைத்தேன்.

என் மனைவி அதே தோட்டத்தில் பிறந்தவள். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, மரம் வெட்டப் போனவள். கல்யாணமான புதிதில், "எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லிக் குடுங்களேன்" என்று கேட்டாள். இரண்டு சாயங்காலம் சொல்லிக் கொடுத்தேன். அவள் வாசித்த விதத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் ஆபீசில் அவள் வாசித்ததைப் போலவே வாசித்துக் காட்டி மற்றவர்களையும் சிரிக்க வைத்தேன். அது அவள் காதுக்குப் போய்விட்டது. அதன்பிறகு அவள் கேட்கவே இல்லை. நாற்பது வருடத்துக்கு மேல் கேட்கவில்லை.

தோட்டம் கைமாறி, ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை வைத்தார்கள். நாங்கள் புக்கிட் காத்திலில் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிக் குடியேறினோம். அங்கேயும் நான் கிராணிதான். தண்ணீர் இலாகா கடிதம், நீதிமன்ற அழைப்பு, பிள்ளைகளின் கல்லூரிப் பத்திரம் என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வருவார்கள். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் காக்க வைத்து, பிறகு சொல்வேன். அந்தக் கொஞ்ச நேரம் காக்க வைப்பது எனக்குப் பிடிக்கும்.

சில ஆண்டுகளாக யாரும் வருவதில்லை. கைப்பேசியைக் கடிதத்தின்மேல் பிடித்தால் அதுவே தமிழாக்கிக் காட்டிவிடுகிறது. என் ஆங்கிலத்தை நம்பி மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள். என் மனைவி.

எங்கள் ஒரே மகள் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள். அவளுடைய மகளுக்குத் தமிழ் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் திரையில் பேசும்போது, பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவில் நான் உட்கார்ந்துகொள்வேன். ஒருநாள் பேத்தி விழுந்த பல்லைக் காட்டினாள். என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிய வேண்டும், அந்தப் பல்லை வானம் பார்த்துவிட்டால் புதுப்பல் முளைக்காது, தன் அண்ணன் எறிந்த பல் அடுத்த வீட்டுக் குழம்புச் சட்டியில் போய் விழுந்தது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். நான் பேத்தியிடம், "பாட்டி இஸ் வெரி ஹேப்பி" என்றேன். பேத்தி தலையாட்டிவிட்டுப் பொம்மையை எடுக்கப் போய்விட்டாள்.

"நான் அவ்வளவு சொன்னேன். நீங்க ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டீங்க" என்றாள் மனைவி.

"சாணியெல்லாம் அந்தப் புள்ளைக்கு எப்படிப் புரியும்?"

"புரியுதா இல்லையான்னு அது முகத்துலதான் தெரியும். நீங்க என்ன சொன்னீங்களோ, புள்ள சிரிக்கவே இல்ல."

அடுத்த வாரம் அவள் மகளிடம் தனியாகப் பேசியிருக்கிறாள். மகள் இணையத்தில் ஓர் ஆரம்பநிலை ஆங்கில வகுப்பில் அவளைச் சேர்த்துவிட்டாள். வயதானவர்களுக்கென்றே நடக்கும் வகுப்பு. ஆசிரியர் ஈப்போவில் இருக்கும் சீன இளைஞர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. கூடப் படிப்பவர்கள் நாட்டின் நாலா பக்கமும் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி உம்பாய்க் கடற்கரையில் சுட்ட மீன் கடை வைத்திருக்கும் மலாய்க்காரப் பெண். வெளியூர்க்காரர்கள் சாப்பிட வருகிறார்கள், அவர்களோடு பேச வேண்டும் என்று சேர்ந்தவள். என் மனைவியை அவள் 'கக்கா' என்று கூப்பிடுவாள், அக்கா என்று.

என்னிடம் ஏன் கேட்கவில்லை என்று நான் மனைவியிடம் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும்.

முதல் சில வாரம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டு, "குட் மார்னிங்" என்று என்னிடம் சொல்வாள். "ம்" என்பேன். "டூ யூ வான்ட் காப்பி?" என்பாள். நான் வேண்டுமென்றே தமிழில், "குடு" என்பேன். அவள் முகம் சுருங்கும். பிறகு என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டு ரொட்டி விற்கிற வங்காளிப் பையனிடம் சொல்ல ஆரம்பித்தாள். அவன் பதிலுக்கு ஆங்கிலத்தில் பேசினான். இருவரும் வாசலில் நின்று தப்பும் தவறுமாக வானிலை பேசினார்கள். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தப்புகளை மனத்துக்குள் எண்ணிக்கொண்டும் இருந்தேன்.

பிறகு சிரிப்பு ஆரம்பித்தது. வகுப்பு நடக்கும் நேரம் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஒருநாள் கதவருகில் போய் நின்றேன். நேற்று வீட்டில் என்ன நடந்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. இவள் முறை வந்தது. "ஐ குக் சார்டின். மை ஹஸ்பண்ட் ஈட். நோ டாக். லைக் கவர்மெண்ட் ஆபீசர்" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். உம்பாய்க்காரி, "சேம், கக்கா, சேம்!" என்று கத்தினாள். ஆசிரியரும் சிரித்தார்.

என் வீட்டில், என் மொழியில், என்னைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கிறாள். அந்த மூன்றில் எது என்னை அதிகம் எரித்தது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

எதிர்வீட்டுக்காரர் பழைய லாரி டிரைவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். "என்ன கிராணி ஐயா, வீட்டுல தொரசானி வந்துட்டாங்களாம்லா" என்றார். "நேத்து என் மகன்கிட்ட ஹவ் ஆர் யூன்னு கேட்டாங்க. அவனே அசந்துட்டான்."

"சின்ன வகுப்பு. குழந்தைப் பாடம்" என்றேன்.

"இருக்கட்டுமே. நீங்க இத்தன வருசம் ஐயாவா இருந்து எங்ககிட்ட ஒரு ஹவ் ஆர் யூ கேட்டிருக்கீங்களா?"

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் இரண்டு நாள் அவருடன் பேசவில்லை.

முதல் நிலையின் கடைசி வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசுவதாகச் சொல்லியிருந்தார். அடுத்த நிலைக்குத் தகுதியா, இல்லையா என்று அப்போது தெரியும். என் மனைவி காலையிலிருந்தே சாப்பிடவில்லை. நல்ல புடைவை கட்டிக்கொண்டாள். நேரம் நெருங்கியதும் கூடத்துக்கு வந்தாள்.

"கொஞ்சம் பக்கத்துல வந்து உக்காருங்களேன்."

"எதுக்கு? உனக்குத்தான் இங்கிலீஷ் வருதே."

"வகுப்புல பேசறது வேற. இது ஆபீஸ்ல நிக்கிற மாதிரி இருக்கு. பயத்துல காது அடைச்சிக்கும். அவரு சொல்றத நீங்க தமிழ்ல சொல்லுங்க."

தோட்டத்தில் பிறந்தவளுக்குத்தான் அப்படித் தோன்றும். அதிகாரத்தில் இருப்பவர் தன்னைப் பற்றி முடிவு சொல்லப் போகிறார் என்றால் நடுவில் ஒரு கிராணி இருக்க வேண்டும். அவள் என்னைக் கூப்பிட்டாள். அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

திரையில் ஆசிரியர் வந்தார். எனக்கும் வணக்கம் சொன்னார். பிறகு பேசினார். இலக்கணம் இன்னும் வர வேண்டும், ஆனால் வகுப்பிலேயே துணிந்து பேசுகிறவர் ஆண்ட்டிதான், மற்றவர்கள் வாய் திறப்பதே அவரைப் பார்த்துத்தான், வெரி குட், அடுத்த நிலைக்குக் கட்டாயம் வர வேண்டும், அவர் இல்லாமல் வகுப்பு களைகட்டாது என்றார்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். கைகள் இரண்டையும் மடியில் கோத்து வைத்திருந்தாள்.

நான் சொன்னேன்: "நல்லா முயற்சி பண்ணியிருக்கியாம். ஆனா இந்த வயசுல இதுக்கு மேல கஷ்டமாம். இத்தோட போதும்கிறாரு."

அவள் ஒரு வினாடி திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு ஆசிரியரைப் பார்த்துத் தலைகுனிந்து, "தேங்க் யூ டீச்சர். சாரி டீச்சர்" என்றாள்.

அவர் குழம்பிப்போய், எதற்குச் சாரி என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அவள் களைத்துப்போயிருக்கிறாள், கொஞ்ச காலம் ஓய்வெடுக்க விரும்புகிறாள் என்றேன். அவர் வருத்தப்பட்டார். எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார். அதை நான் மொழிபெயர்க்கவே இல்லை. அந்தப் பக்கம் ஒரு பொய், இந்தப் பக்கம் ஒரு பொய். வேலை சுத்தமாக முடிந்தது. தொழில் தெரிந்தவன் அல்லவா.

அவள் அழவில்லை. புடைவையை மாற்றிக்கொண்டு வந்து சோறு வடித்தாள்.

சில நாட்கள் எனக்கு வீடு பழையபடி ஆனதுபோல் இருந்தது. மாத்திரை அட்டையை நீட்டி, "இது சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியா, பாருங்க" என்பாள். நான் கண்ணாடியைத் துடைப்பேன். ரொட்டிக்காரப் பையன் வாசலில் ஏதோ கேட்டால் மலாயில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவாள். உம்பாய்க்காரி கைப்பேசியில் அழைத்தால் எடுக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை பேத்தி திரையில் வந்தால், கையை மட்டும் ஆட்டிவிட்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தி கேட்டாள், பாட்டி ஏன் இப்போது ஆங்கிலம் பேசுவதில்லை என்று. அதை நான் தமிழில் சொல்லவில்லை. பேச்சை மாற்ற வாயைத் திறந்தேன். ஆனால் மனைவிக்குப் புரிந்துவிட்டது. என் தோளுக்குப் பின்னாலிருந்து அவளே பதில் சொன்னாள்.

"பாட்டி நாட் கிளெவர், கண்ணு. டீச்சர் சே ஃபினிஷ்."

பேத்தி நம்பவில்லை. "நோ, யூ ஆர் கிளெவர்" என்றாள். இவள் சிரித்தபடி, "நோ, நோ" என்று தலையாட்டினாள். என் பொய்யை இவள் ஆங்கிலத்தில், இலக்கணம் இல்லாமல், தன்மேல் பழியாகப் போட்டுக்கொண்டு அந்தக் குழந்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்று மத்தியானம் அவள் அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது போய் நின்றேன். சுற்றி வளைக்கவில்லை.

"அன்னைக்கு டீச்சர் போதும்னு சொல்லல. அடுத்த கிளாசுக்கு வரச் சொன்னாரு. நான்தான் மாத்திச் சொன்னேன்."

அவள் கை நிற்கவில்லை. ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டாள். இன்னொன்றையும் கிள்ளினாள்.

"எனக்கும் கேட்டுச்சு" என்றாள்.

"என்ன கேட்டுச்சு?"

"வெரி குட்னு சொன்னாரு. நெக்ஸ்ட்னு சொன்னாரு. எனக்குக் கேட்டுச்சுங்க. ஆனா நீங்க வேற மாதிரி சொன்னீங்க. படிச்சவரு நீங்க, எனக்குத்தான் தப்பாக் கேட்டிருக்கும்னு விட்டுட்டேன்."

கிள்ளிப் போட்ட தலைகளை ஓர் ஓரமாக ஒதுக்கினாள்.

"ஏன் சொன்னீங்க?"

"பொறாமை" என்றேன். அந்த வயதில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்வது சட்டையைக் கழற்றிக்கொண்டு தெருவில் நிற்பது மாதிரி இருந்தது.

"யார் மேல? அந்தச் சீனப் பையன் மேலயா? மீன்காரி மேலயா?"

"உன் மேல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டாள். "எங்கப்பா ஆபீஸ் வாசல்ல நிப்பாரே, மத்தவங்களும் நிப்பாங்களே. அப்பயும் இப்படித்தான் மாத்திச் சொல்வீங்களா?"

"மாத்தினதில்ல. குறைச்சுச் சொல்லியிருக்கேன்" என்றேன். அது உண்மை. துரைக்குக் கோபம் வரும் என்று தோன்றியதை விட்டுவிடுவேன், நேரமாகிறது என்றால் சுருக்கிவிடுவேன். அவள் தலையாட்டினாள். நெத்திலித் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் நான் ஆசிரியரை அழைத்தேன். என் ஆங்கிலம் எந்த துரை முன்னாலும் தடுமாறியதில்லை. அந்த இளைஞரிடம் தடுமாறியது. நான் சொன்னதை அவர் முழுக்கக் கேட்டார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அடுத்த நிலை தொடங்கிப் பல பாடங்கள் போய்விட்டன, ஆண்ட்டி விட்டதைப் படித்துப் பிடித்துக்கொண்டால் உடனே சேர்த்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் அதை ஆண்ட்டியிடம் தானே நேராகப் பேசிச் சொல்வதாகச் சொன்னார். எனக்குப் புரிந்தது.

விட்ட பாடங்களை நான் சொல்லித் தருகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

"வேணாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கறிக்கு உப்புப் போதும் என்று சொல்வது மாதிரி சொன்னாள்.

உம்பாய்க்காரிதான் சொல்லிக் கொடுத்தாள். அவள் கடை சாயங்காலம்தான் திறக்கும். மத்தியானத்தில் மேசைகள் காலியாகக் கிடக்கும். அங்கே உட்கார்ந்து இருவரும் படித்தார்கள். என் மனைவியை அங்கே கொண்டுபோய் விட்டு, கூட்டி வருவது என் வேலை. பஸ்ஸில் போகிறேன் என்றாள், நான் விடவில்லை. அதையாவது செய்யவிடு என்றேன்.

காரைக் கடல் ஓரமாக நிழலில் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். முதல் நாள் உம்பாய்க்காரி எனக்கு ஓர் இளநீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது, "கவர்மெண்ட் ஆபீசர், யா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது. மேசைப் பக்கமிருந்து மலாயும் ஆங்கிலமும் தமிழும் கலந்து சத்தம் வரும், நடுவில் அந்தச் சிரிப்பும் வரும். மன்னிப்புக் கேட்டால் பொறாமை போய்விடும் என்று நான் நினைத்திருந்தேன். போகவில்லை. காருக்குள் என்னோடு அதுவும் உட்கார்ந்திருந்தது.

அவள் இரண்டாம் நிலையில் சேர்ந்தாள். வகுப்பு நாட்களில் மத்தியானச் சமையல் என்னுடையது. என் ரசத்தைப் பற்றி அவள் கருத்து எதுவும் சொன்னதில்லை. மாத்திரை அட்டையை என்னிடம் நீட்டுவதில்லை. மருந்தகத்தில் நிற்கும் பெண்ணிடம் அவளே கேட்டுக்கொள்கிறாள். ஒருமுறை மருத்துவமனையிலிருந்து வந்த கடிதத்தை நான் படித்துச் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டு, அதே கடிதத்தை எதிர்வீட்டுப் பையனிடமும் கொண்டுபோய்க் காட்டினாள். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றுதான் என்பதில் எனக்கு அற்பமாக ஒரு நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பேத்தியுடன் தன் அறையில் பேசுகிறாள். அவள் பேசி முடித்ததும் எனக்கு முறை வரும். சென்ற மாதம் என் முறையில் பேத்தி எடுத்த எடுப்பிலேயே கேட்டாள், பாட்டி தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிய கதை எனக்குத் தெரியுமா என்று. தெரியாது என்றேன். பாட்டியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி மரம் வெட்ட அனுப்பியபோது, போக மாட்டேன் என்று தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டாளாம். கீழே எல்லாரும் நின்று கூப்பிட்டார்களாம். அந்தத் தொட்டி எனக்குத் தெரியும். என் ஆபீசுக்குப் பின்னால்தான் இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் சொன்னதில்லை. நானும் அவளுடைய பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை.

அடுப்படிக்குப் போய், "தொட்டியிலேருந்து அப்புறம் எப்படி இறங்குன?" என்று கேட்டேன்.

"பாப்பாகிட்ட சொல்லியிருக்கேன். கேட்டுக்குங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு வரை காத்திருந்தேன். என் முறை வந்ததும் முதல் வேலையாகப் பேத்தியிடம் கேட்டேன். அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். பாட்டி நிறையச் சொன்னாள், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள், தனக்குப் பாதிதான் புரிந்தது என்றாள். பசித்திருக்கும், அதனால் இறங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன் என்றாள்.

அந்தப் பாதிதான் எனக்குக் கிடைத்தது. தேங்க் யூ என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.